மொட்டைத் தலைக்கு ஒரு கொண்டை

பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். இது என் கையால் தொட்டுப் பார்த்தது.

சீனாவில் ஷுன்தே ஊர்ப் பட்டாலையில் நூல் எடுக்கிறவள் நான், யூக்-லான். கல்யாணமே வேண்டாமென்று சாமி முன்னால் தாங்களே தலைவாரிக் கொண்டை போட்டுக்கொண்ட பெண்கள் பத்துப் பேர் ஒரே வீட்டில் இருந்தோம். பெற்ற வீடு எங்கள் பிணத்தைக்கூட ஏற்காது. அதனால் இரண்டிரண்டு பேராகச் சத்தியம் செய்துகொள்வோம். முதலில் செத்துப்போகிறவளுக்கு மற்றவள் தலைவாரி அனுப்ப வேண்டும்.

என் ஜோடி சுன்-ஹோ அக்கா. அவளுக்குக் கருகருவென்று முழங்கால் வரை முடி. விடியலில் மரச்சீவல் ஊறிய வழவழத் தண்ணீரைத் தடவி எனக்கு வாரிவிடுவாள். பிறகு "ம்... என் முறை" என்று திரும்பி உட்காருவாள். சீப்பில் வரும் என் முடியைச் சவுரிக்காக ஜாடியில் சேர்த்து வைப்பேன்.

"எவளுக்குடி இந்தச் செம்பட்டைச் சவுரி? குதிரைக்கா?"

"நீ மொட்டையானா உனக்குத்தான், போ!"

அவள் சமையல் வேலைக்குச் சிங்கப்பூர் போனாள். நான் ஒற்றையானேன். கொதிநீரில் பட்டுக்கூடு அலசித் தோல் உரிந்த விரல்களால் நானே கொண்டை போடுவேன். ஒரு பக்கம் சரியும். மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். உள்ளே அழுகை முட்டும்.

இரண்டு வருஷம் போனது. படகுப் பந்தயத் திருநாள். எல்லோரும் முந்தின நாளே போய்விட்டார்கள். என்னைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை.

காலை ஐந்து மணி. கண்ணாடி முன் உட்கார்ந்து முடியை அவிழ்த்தேன்.

க்ரீச்...

தாழிட்ட கதவு அது.

பின்கழுத்தில் விரல்கள் பட்டன. ஜில்லென்று இருந்தன.

"யாரு?"

சீப்பு இறங்கியது. சர்ர்... சர்ர்... காதோரச் சிக்கை நோகாமல் எடுக்கும் அந்தக் கையை எனக்குத் தெரியாதா?

"அக்கா! எப்ப வந்த? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

இரண்டு வருஷத்தில் முதல்முறையாக ஒருத்தி என் தலையைத் தொடுகிறாள். கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தேன்.

சீப்பு அசைந்தது.

பிடித்த கை இல்லை.

கொண்டை இறுகியது. பிறகு, காதருகே...

"ம்... என் முறை."

கழுத்து திரும்ப மறுத்தது. கையை மட்டும் பின்னால் நீட்டினேன்.

தலை.

மொட்டை... முள்முள்ளாக... சில்லிட்டு...

ஐயோ! ஓடத்தான் பார்த்தேன்.

அது விசும்பியது.

சுன்-ஹோ அழுது நான் கேட்டதே இல்லை. பயத்தைவிட அந்தச் சத்தம்தான் என்னைப் பிசைந்தது.

"இரு அக்கா," என்றேன்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு திரும்பி, ஜாடியைத் திறந்தேன். முடியைப் பிரித்தேன், தண்ணீர் தடவினேன், அந்தத் தலையில் வைத்து வாரினேன், முடிந்தேன். விரல் எரிந்தது. நிறுத்தவில்லை.

சேவல் கூவியது.

கைக்குக் கீழே ஒன்றுமில்லை. ஜாடி காலி. கண்ணாடியில் என் கொண்டை நேராக இருந்தது.

மூன்று மாதம் கழித்து, சிங்கப்பூரில் அக்காவோடு வேலை செய்த பாட்-மூய் ஊர் திரும்பினாள்.

"காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில சேர்த்து மொட்டையடிச்சுட்டாங்க. 'இப்படியே போறேனே, யூக்-லான் எதை வாருவா'ன்னு அழுதுக்கிட்டே கெடந்தா. திருநாளன்னிக்கு விடிகாலையில போயிட்டா."

பாட்-மூய் குரலைத் தாழ்த்தினாள்.

"பெட்டிய மூடும்போது பார்த்தேன். தலையில முழுக் கொண்டை. ஈரம்கூடக் காயல. மரச்சீவல் வாசனை அடிச்சுது. அங்க அதுக்கு எங்க போறது?"

"முடி என்ன நெறம்?"

பாட்-மூய் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.