போர்ட் விலாவில் நான் காட்டித் திரிந்த இடங்கள்

சிட்னியில், பென்டில் ஹில் தமிழ்க் கடையில் கருவாடு வாங்க நின்றேன். சுவரிலிருந்த டிவியில் நிலநடுக்கத்தில் இடிந்த தெரு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. எங்கேயோ பார்த்த தெரு என்று நினைத்தபடி டிவிக்குக் கிட்டப் போனேன். கீழ்த்தளம் நசுங்கிக் கிடந்த அந்தக் கட்டடத்தில்தான் எங்கள் சுற்றுலா அலுவலகம் இருந்தது.

"என்ன தம்பி, சொந்தக்காரர் ஆரும் அங்க இருக்கினமோ?" என்று கேட்டார் கடைக்கார அன்ரி.

"ஓம் அன்ரி," என்றேன். அங்கே என்னோடு வேலைசெய்த வில்லியை வேறு எப்படிச் சொல்ல?

சிட்னிக்கு வருமுன் மூன்று வருடம் போர்ட் விலாவில் இருந்தேன். பசிபிக் தீவு நாடொன்றின் தலைநகரம். ஆனால் ஒரு பின்னேரத்துக்குள் நடந்தே முடித்துவிடலாம். கப்பலில் வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு வில்லி வான் ஓட்டுவான், நான் பக்கத்தில் இருந்து விளக்கம் சொல்வேன். சந்தை, அருவி, மணலில் விரலெடுக்காமல் ஒரே கோட்டில் படம் கீறிக் காட்டுகிற அருங்காட்சியகம்.

ஊரின் பெரிய புதுமை கடலுக்கடியில் இருக்கும் தபால் நிலையம். நனையாத அட்டையில் எழுதி, மூச்சடக்கி மூழ்கிப் போய்ப் போடவேண்டும். தினமும் மூழ்கி எழும்புகிறவன் மாதிரிக் கையை ஆட்டி விளக்குவேன். மன்னார்க் கடற்கரையில் பிறந்தும் எனக்கு நீச்சல் தெரியாது என்பதை வில்லி கண்டுபிடித்தபோது அவன் சிரிக்கவில்லை. ஆட்களில்லாத ஒருநாள் என்னைக் கையில் பிடித்துக் கீழே கூட்டிப்போனான். பாதியில் பயந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். மேலே வந்தபோது அவனுக்கு மூக்கால் இரத்தம்.

"என்னைக் கொல்லப் பாத்தாய். வா, இன்னொருக்காப் போவம்," என்றான், அவர்களுடைய பாஷையில்.

இரண்டாம் தரம் அட்டையைப் போட்டேன்.

நிலநடுக்கத்துக்குப் பிறகு மூன்று நாள் அவனுடைய எண் வேலை செய்யவில்லை. நாலாம் நாள் அவனே எனக்குப் போன் எடுத்தான். நிலம் ஆடியபோது கப்பல்துறையில் நின்றானாம். பிறகு இரண்டு நாள் வெறுங்கையால் கல் புரட்டியிருக்கிறான். அலுவலகத்தில் டிக்கெட் எழுதுகிற மேரியைப் பற்றிக் கேட்டேன். அவளையும் அந்தக் கல்லுக்குள்ளிருந்துதான் எடுத்தார்களாம், உயிரில்லாமல். எங்களுக்குத் தன் மத்தியானச் சாப்பாட்டையும் பகிர்ந்து தருகிற பெண் அவள்.

போன கிழமை திரும்பவும் கதைத்தோம். கப்பல்கள் வரத் தொடங்கிவிட்டனவாம். கட்டடத்தை அள்ளிவிட்டார்கள், இப்போது வெறும் நிலம். வருகிறவர்கள் முதலில் அதைத்தான் காட்டச் சொல்கிறார்களாம், படமெடுக்க.

"நீ என்ன செய்யிறாய்?" என்று கேட்டேன்.

"அதில மட்டும் நான் வானை நிப்பாட்டிறேல்ல," என்றான்.