அரக்கனின் தொப்புளும் மொச்சைக் குழம்பும்

வெயிலில் கிடந்த லாரி டயர் வாசம்... அதோடு வேர்வையும் முகப் பவுடரும் கலந்தால் எப்படி இருக்கும்? உலகத்தைக் காப்பாற்றுகிறவரின் வாசம் அதுதான். பக்கத்தில் நின்று மோந்தவன் நான்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி போனில் தட்டுகிறாள். மறதி மட்டும் கிடையாது.

சில வருஷத்துக்கு முன்னால், எங்கள் மலையில் செம்மநத்தம் என்ற ஊருக்குப் போகிற வழியில் நான் வாட்ச்மேனாக இருந்த எஸ்டேட்டில் பெரிய படம் ஒன்றின் ஷூட்டிங். ஹீரோ பறப்பார், பாறையைத் தூக்கி வீசுவார், அப்படிப்பட்ட படம். சேலத்திலிருந்து லாரி லாரியாகச் சாமான் ஏறி வந்தது. முதல் வேலையாக, மலையை மறைத்துப் பச்சைத் துணி கட்டினார்கள்.

"பச்சைய மறைக்கப் பச்சைத் துணி எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர்ல வேற மலை வச்சுக்குவோம் பெரியவரே" என்றார் டைரக்டர்.

சரி, அவர் மலை, அவர் இஷ்டம்.

நான் நல்ல உயரம். அதனால் எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. கையில் மூங்கில் கழி, அதன் முனையில் சிவப்புப் பந்து. அந்தப் பந்துதான் ரெண்டு ஆள் உயர அரக்கனின் கண்ணாம். ஹீரோ அதைப் பார்த்துக் கோபப்பட வேண்டும். நான் ஆடாமல் நிற்க வேண்டும்.

வசனம் இன்னும் எழுதி முடியவில்லை. அதனால் ஹீரோ பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று பந்தைப் பார்த்து உறுமுவார். "நாலு, அஞ்சு" வரும்போது குரல் தழுதழுக்க வேண்டும். பேச்சை அப்புறம் சேர்த்துக்கொள்வார்களாம்.

நல்ல தம்பி. நாடக மேடையிலிருந்து வந்தவர். அவருக்குப் போட்ட ரப்பர் உடுப்பில் சிக்ஸ் பேக் வயிற்றையே அச்சில் வார்த்து ஒட்டியிருந்தார்கள். போட்டுக்கொண்டால் உட்கார முடியாது. நாள் முழுக்க ஒரு பலகையில் சாய்ந்தபடி நிற்பார், சுவரில் சாத்திய ஏணி மாதிரி. உடம்பு ஏறிவிடக் கூடாதென்று உப்பில்லாத வேகவைத்த கோழி மட்டும் கொடுப்பார்கள்.

கடைசி நாள். பனி இறங்கி எல்லாம் நின்றுபோனது. தம்பி பலகையில் சாய்ந்தபடியே சொன்னார்.

"ஐயா, நேத்து லேக் பக்கம் என் டூப் இந்த உடுப்போட நின்னான். அவன்கூட போட்டோ எடுக்க அவ்ளோ கூட்டம். பக்கத்துல சாதாரண சட்டையோட நின்ன என்னை, கொஞ்சம் தள்ளிக்கங்க, மறைக்குதுன்னாங்க."

"தள்ளிக்கிட்டீங்களா?"

"தள்ளிக்கிட்டேன்."

சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"இன்னும் ரெண்டு பாகம் எடுக்கறாங்க. இன்னைக்குச் சாயங்காலம் நான் கையெழுத்து போடணும். போட்டா இன்னும் எத்தனையோ வருஷம் இந்தப் பந்துதான். மேடையில எதிர்ல ஒருத்தர் நிப்பாரு ஐயா. அவர் ஒண்ணு சொன்னா நான் ஒண்ணு சொல்லுவேன். இந்தப் பந்து எதுவுமே சொல்ல மாட்டேங்குது."

"நான் வேணா ஏதாச்சும் சொல்லட்டுங்களா?"

"சொன்னீங்கன்னா டைரக்டர் உங்களை மலையிலருந்து உருட்டிவிட்டுடுவாரு."

பனி விலகியது. கடைசி ஷாட், முகம் மட்டும்.

"கண்ணுல வெறுப்பு வேணும், வெறுப்பு" என்றார் டைரக்டர். தம்பி ஒண்ணு ரெண்டு சொன்னார். சரியில்லை. மறுபடியும். மறுபடியும். பந்துக்குக் கீழே நின்ற எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரிந்தது. கண் உள்ளே போய், உதடு காய்ந்து... என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏனுங்க தம்பி, சாப்டீங்களா?"

பந்தை விட்டு அவர் கண் இறங்கி வந்து என் மேல் நின்றது. கன்னம் துடித்தது. கண் இரண்டும் நிறைந்துவிட்டது.

டைரக்டர் துள்ளினார். "ஓகே. இதுதான், இதேதான். என்ன வெறுப்பு பாருங்கய்யா."

"அது வெறுப்பு இல்லைங்க, பசி" என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை.

உடுப்பைக் கழற்றிவிடும் ஆளுக்குக்கூடக் காத்திராமல் தம்பி என்னோடு கிளம்பிவிட்டார். முதுகில் தொங்கிய சிவப்புத் துணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குனிந்து என் வீட்டுக்குள் நுழைந்தார். என் சம்சாரம் ஏற இறங்கப் பார்த்தாள். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் எடுத்து வந்தாள்.

"உக்காருங்க சாமி."

"உட்கார முடியாதும்மா, இந்த உடுப்பு..."

"எங்கூட்டுல ஆரையும் நின்னுக்கிட்டுத் திங்க உட மாட்டனுங்க. நின்னு தின்னா ஒடம்புல ஒட்டாது. உக்காருங்க."

வட்டிலைத் தரையில் வைத்துவிட்டாள். தம்பி வட்டிலைப் பார்த்தார். கையெழுத்துக் காகிதத்தோடு பின்னாலேயே ஓடிவந்து வாசலில் மூச்சு வாங்கிய படக் கம்பெனி மேனேஜரைப் பார்த்தார்.

உட்கார்ந்தார்.

டர்ர்ர்...

முதுகில் ஆரம்பித்துக் கீழே வரைக்கும். மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கிழிஞ்சா தச்சுக்கலாமுங்க" என்றாள் என் சம்சாரம். "கொழம்பு நொம்ப இருக்குது. ஊத்தட்டுங்களா?"

"ஊத்துங்கம்மா." வாய் நிறையச் சோற்றோடு தம்பி வாசலைப் பார்த்துச் சொன்னார். "அண்ணே, அடுத்த பாகத்துக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லுங்க. நான் உக்காந்துட்டேன்."

படத்தைச் சேலத்துத் தியேட்டரில் பார்த்தோம். எங்கள் மலை இல்லை, ஏதோ சிவப்பு உலகம். நான் நின்ற இடத்தில் அரக்கன். பந்து இருந்த உயரத்தில் அவன் கண். என் தலை இருந்த உயரத்தில் அவன் தொப்புள். உலகம் அழியப் போகிற நேரத்தில் ஹீரோ கண் கலங்க அரக்கனின் தொப்புளையே பார்க்கிறார். தியேட்டர் முழுக்க விசில். "பாவம், பசியில பாக்குது" என்றாள் என் சம்சாரம், நாலு வரிசைக்குக் கேட்கிற மாதிரி.

அடுத்த பாகமும் வந்தது. உடுப்புக்குள்ளே வேறு ஆள். பேத்தி சொல்லும்வரை எனக்கே தெரியவில்லை. இப்போது இந்த மாதிரிப் படத்துக்கு யாரும் மலை ஏறுவதில்லையாம், ரூமுக்குள்ளேயே எடுத்துவிடுகிறார்களாம். பந்து பிடிக்கவும் ஆள் வேண்டாமாம்... எனக்கும் அந்த வேலை போனது.

தம்பி சின்னச் சின்னப் படங்களில் வருகிறார். போன படத்தில் பஸ் கண்டக்டர். மூட்டைக்கும் டிக்கெட் வாங்கச் சொல்லி ஒரு அம்மாவிடம் சண்டை. அந்த அம்மாவும் விடாமல் திருப்பிக் கொடுக்கிறது. இவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வந்தால் எங்கள் வீட்டுக்கு வராமல் போக மாட்டார். தரையில்தான் உட்காருவார். அன்றைக்கு ரப்பரில் வார்த்த வயிறு, மடங்கவில்லை. இப்போது குழம்பில் வளர்ந்த சொந்த வயிறு... அதுவும் அவ்வளவாக மடங்குவதில்லை.

ஆனால் எதுவும் கிழிவதில்லை.