பத்தாவது ஆட்டக்காரியும் ஒரு சீப்பு வாழைப்பழமும்

போன வாரம் ஒரு வீட்டில் பெண் பார்க்கும் சடங்கு நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் இடத்தில் உட்கார்ந்திருந்தது நான். அது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது... எனக்குத்தான் தெரியவில்லை.

இத்தனைக்கும் எனக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. நான் தேடிப் போனது ஒரு பாஸ்கட்போல் ஆட்டக்காரியை!

முதலில் எங்கள் பெண்கள் டீமின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் கட்டட வரைபடம் படிப்பிக்கும் தொழில்நுட்பக் கல்லூரி மிகச் சின்னது. அதன் பாஸ்கட்போல் கோர்ட் மட்டும் பெரியது. சுனாமிக்குப் பிறகு வந்த ஒரு நிவாரண அமைப்பு போட்டுத் தந்தது. கல்லூரி கேட்டது ஒரு தண்ணீர்த் தொட்டி என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். கிடைத்தது கோர்ட். கூடவே ஒரு கோச்சையும் தந்தார்கள் — நெட்டையான வெள்ளைக்காரர். தமிழ் தெரியாது, கையைக் காலைக் காட்டியே ஒரு டீமை உருவாக்கிவிட்டார். புரொஜெக்ட் முடிந்தது. அவரும் போனார்.

அடுத்தவர் ஒரு வங்கி அதிகாரி. அருமையான கோச். திருகோணமலைக்கு இடமாற்றம் வந்தது.

மூன்றாவது கோச் புளியந்தீவுக்காரர். நம்ம ஊர் ஆள், இனி எங்கே போகப் போகிறார் என்று நிம்மதியாக இருந்தோம். அவர் அக்கரைப்பற்றில் கலியாணம் முடித்தார். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் மூட்டை கட்ட வேண்டும். கட்டினார்.

நான்காவதாக வந்தவர் வொலிபோல் ஆட்டக்காரர். அவர் காலத்தில் எங்கள் பிள்ளைகள் மிக நன்றாகக் குதித்தார்கள். பந்தைப் பிடிப்பதைத்தான் நிறுத்திவிட்டார்கள்.

அவரும் போன பிறகு அதிபர் என்னைக் கூப்பிட்டார்.

"மிஸ், நீங்க பள்ளிக்கூடத்தில விளையாடின ஆள்தானே?"

"ஓம் சேர், ஆனா..."

"விசில் மேசையில இருக்கு. எடுங்க."

இப்படித்தான் நான் கோச் ஆனேன். முதல் நாள் பயிற்சியில் பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "மிஸ், இப்ப நாங்க ஆர்ட டிஃபென்ஸ் ஆடுற? பேங்க் சேர்டயா, புளியந்தீவு சேர்டயா?"

இந்த நிலையில்தான் வெளி மாவட்டக் கல்லூரிகளும் வரும் ஒரு போட்டிக்கு அழைப்பு வந்தது. போர் முடிந்து பாதைகள் திறந்த பிறகு எங்கள் டீம் ஆடப்போகும் முதல் பெரிய போட்டி. பத்துப் பேர் பெயர் கொடுக்க வேண்டும். எங்களிடம் ஒன்பது பேர். பத்தாவது ஆள் எங்கள் சென்டர். கூடைக்குக் கீழே நின்று வருகிற பந்தையெல்லாம் பறித்தெடுக்கும் பிள்ளை. போன மாதம் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

அதிபர் நல்ல மனிதர். ஆனால் கணக்கான மனிதர். கல்லூரியில் இப்போது கனரக இயந்திரம் ஓட்டும் கோர்சுக்குத்தான் கூட்டம். அதற்கு மண் தோண்டும் எக்ஸ்கவேட்டர் ஒன்று வந்து நிறுத்த இடமில்லாமல் நிற்கிறது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பத்துப் பேர் எண்டா டீம் இருக்கும். இல்லாட்டி கோர்ட்டில மெஷினை நிப்பாட்டுறன் மிஸ். குறை நினைக்காதீங்க."

அன்று செவ்வாய்க்கிழமை.

எங்கள் டீமில் தர்ஷினி என்றொரு பிள்ளை. கரடியனாற்றுக்காரி. அவள்தான் சொன்னாள்: "எங்கட ஊரில சுகிர்தா எண்டு ஒரு பொடிச்சி இருக்காள் மிஸ். ஏ லெவல் சோதினை எழுதிப்போட்டு சும்மாதான் இருக்காள். முருங்கைக்காய் ஆய ஆரும் தடி தேடுறல்ல, அவளத்தான் கூப்பிடுற."

கேட்டதும் எனக்குள் ஒரு வரிசை ஓட ஆரம்பித்துவிட்டது. உயரம், கை நீளம், கண் பார்வை, வயது, பஸ் வசதி. கேட்க வேண்டியதை ஒழுங்குபடுத்திக்கொண்டு கிளம்புவது என் பழக்கம். அந்தப் பழக்கம்தான் அன்றைக்கு என்னை மாட்டிவிட்டது.

அன்று பின்னேரமே கிளம்பினேன். கூட வந்தது ரிஸானா மிஸ். காத்தான்குடிக்காரி, கம்பியூட்டர் படிப்பிப்பவர், எங்கள் டீமின் மெனேஜர், ஸ்கூட்டியின் சொந்தக்காரி. செங்கலடிச் சந்தியில் ஸ்கூட்டியை நிறுத்தினார்.

"வெறுங்கையோடயா மிஸ் ஒரு வூட்டுக்குப் போற?"

நல்ல கதலியாகப் பார்த்து ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினார். ஒரு பிஸ்கட் டின்னும்.

பதுளை வீதியில் திரும்பினோம். முன்பெல்லாம் கறுத்தப்பாலத்துச் சோதனைச் சாவடியைத் தாண்டுவதற்கு எத்தனை கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்! இப்போது யாரும் எதுவும் கேட்கவில்லை. கேள்வி கேட்காத ரோட்டில் போக எனக்கு இன்னும் பழகவில்லை. இரண்டு பக்கமும் வயல் வட்டையில் நெல் விளைந்து அறுவடை நடந்துகொண்டிருந்தது.

சுகிர்தாவின் அம்மா வாசலில் நின்றார். கூடவே அவள் பெரியம்மா. இரண்டு பேரும் எங்களைப் பார்த்தார்கள். பிறகு வாழைப்பழத்தைப் பார்த்தார்கள். பெரியம்மா சட்டென்று உள்ளே ஓடிவிட்டார்.

"ரவுணில டெக்னிக்கல் கொலேஜில இருந்து வாறம்," என்றேன்.

"அரசாங்க உத்தியோகமா! வாங்க, உள்ள வாங்க."

கதிரை வந்தது. தேத்தண்ணி வந்தது. எந்த ஊர் என்று கேட்டார். செட்டிபாளையம் என்றேன். தாய்வழியில் என்ன குடி என்று கேட்டார். அதையும் சொன்னேன். எங்கள் பக்கத்தில் முதல் தடவை போகிற வீட்டில் யார்தான் இதைக் கேட்பதில்லை? அவர் கேட்டு முடித்ததும் என் வரிசையை எடுத்தேன்.

"மகளுக்கு வயசென்ன?"

"வாற மாசத்தோட இருவது."

"கண்ணாடி போடுறவவா? வருத்தம் துன்பம் ஏதும்?"

"ஐயோ, ஒண்டுமில்ல. நல்ல சுகதேகி."

"உயரம்?"

அவர் முகம் வாடிவிட்டது. "உயரந்தான்... கொஞ்சம் கூட. உங்களுக்கு அது பரவாயில்லையா?"

"பரவாயில்லையாவா? உயரந்தானம்மா எங்களுக்கு வேணும்!"

அந்த அம்மாவின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். ஏன் என்றுதான் விளங்கவில்லை. உடனே எழுந்து என் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். போரில் இடம்பெயர்ந்து திரும்பி வந்த பிறகு கட்டுகிற வீடு. சுவர் எழும்பிவிட்டது, கூரை இல்லை.

"இது அவளுக்குத்தான்," என்றார்.

வீட்டைக் கண்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. சுவரைத் தட்டிப் பார்த்தேன். ஜன்னலுக்கு மேலே இருந்த லிண்டலைப் பார்த்தேன். "நல்ல வேலைம்மா. கூரை எப்ப போடுவீங்க?"

"ஆவணிக்குள்ள முடிச்சுத் தருவம். நீங்க யோசிக்காதீங்க."

நான் ஏன் யோசிக்கப் போகிறேன்? சரி, அன்பான மனுஷி என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

அப்போதுதான் சுகிர்தா வந்தாள். மயில் பச்சைச் சீலை. கையில் பலகாரத் தட்டு. கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தாள்... ஆறடிக்கு ஓர் அங்குலம் குறையும், அவ்வளவுதான்! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"புள்ள, அந்தத் தட்டை வச்சிட்டு நிமிந்து நில்லுங்க. கை ரெண்டையும் மேல தூக்குங்க பாப்பம்!"

தட்டு கீழே வந்தது. கை மேலே போகவில்லை.

"என்னகா இது?" பெரியம்மாதான். "கையத் தூக்கச் சொல்லுறாங்க? சந்தைக்கு மாடு பாக்கவா வந்தவங்க?"

சுகிர்தா மட்டும் என் கைப்பையில் தொங்கிய விசிலைப் பார்த்தாள். "மிஸ்... நீங்க தர்ஷினிட பாஸ்கட்போல் மிஸ்தானே?"

"ஓம், ஓம். வேற ஆரெண்டு நினைச்சீங்க?"

அம்மா மெல்லக் கதிரையில் உட்கார்ந்தார். "அப்ப... மாப்பிள்ளை?"

ரிஸானா மிஸ் மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "மாப்பிள்ளை இல்லம்மா. பந்துதான் இருக்கு."

நான் வெட்கப்பட்ட அளவைச் சொல்ல எந்த ஸ்கேலும் போதாது. அந்த அம்மா கோபப்பட்டிருந்தாலாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அவர் கோபப்படவில்லை.

"ரெண்டு இடத்தில இருந்து வந்து பாத்தாங்க," என்றார். "மாப்பிள்ளையவிட உயரம் எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டாங்க. நீங்க உயரந்தான் வேணும் எண்ட உடன..."

தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்து அடுக்கினார். ரிஸானா மிஸ் எழும்புவோம் என்று எனக்குக் கண் காட்டினார். வெள்ளிக்கிழமையும் எக்ஸ்கவேட்டரும் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. ஆனாலும் இந்த வீட்டில் இனி என்னத்தைக் கேட்பது?

சுகிர்தாதான் கேட்டாள்.

"அம்மா, உயரந்தான் வேணும் எண்டு வந்திருக்கிறது இவங்க மட்டுந்தான். இவங்களையும் திருப்பி அனுப்பப் போறயா?"

அம்மா மகளை நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் பெரியம்மா களத்தில் இறங்கிவிட்டார். "குதிச்சுக் குதிச்சு விளையாடினா இன்னும் வளந்திருவாள்! மறுகா என்ன செய்யிற?"

"நான் பத்து வயசில இருந்து குதிச்சனான்," என்று எழுந்து நின்று காட்டினேன். "என்னைப் பாருங்க."

பெரியம்மா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை. "அதுவும் சரிதான்," என்றார்.

அம்மாவின் கேள்விதான் கடினமாக இருந்தது. "தர்ஷினிட தாய் சொல்லுறவ, அங்க கோச்மார் நிக்கிறல்லயாம். என்ட புள்ளைய உங்கள நம்பித்தான் விட வேணும். நீங்க கலியாணம் முடிச்சிட்டீங்களா?"

"இல்லம்மா."

"அப்ப நீங்களும் முடிச்சிட்டுப் போயிடுவீங்க."

"நான் எங்கம்மா போற?" என்றேன். "செட்டிபாளையத்தில என்ட வீடு இருக்கு. சுனாமியில போன வீட்ட நானே பிளான் கீறித் திருப்பிக் கட்டின. நான் முடிச்சா அவர்தானே அங்க வரவேணும்!"

அம்மா ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், அப்படியொரு சிரிப்பு! "அது உண்மைதான். ஆம்பிளைகள கோச்சா வச்சா அவங்க போகத்தானே செய்வாங்க."

இத்தனை வருடமும் கல்லூரி நிர்வாகத்துக்கு விளங்காதது அவருக்கு ஒரே நிமிடத்தில் விளங்கிவிட்டது. நானும்கூட அதுவரை யோசித்ததில்லை. கோச் தேடும்போது அனுபவம் பார்க்கிறோம், சான்றிதழ் பார்க்கிறோம். ஆள் எந்த வீட்டில் இரவு சாப்பிடப் போகிறார் என்று யாராவது பார்க்கிறோமா?

கல்லூரி மாணவிகள்தான் டீமில் ஆடலாம் என்பதால், புதன்கிழமை சுகிர்தா வரைபடக் கோர்சுக்கு விண்ணப்பித்து அனுமதி பெற்றாள். வெள்ளிக்கிழமை பத்துப் பெயரையும் அதிபரின் மேசையில் வைத்தேன். அவர் விரலால் எண்ணிப் பார்த்துவிட்டு, எக்ஸ்கவேட்டருக்கு வேறு இடம் தேடச் சொன்னார்.

நேற்றுப் பின்னேரம் சுகிர்தாவின் அம்மா பயிற்சி பார்க்க வந்தார். மகள் எம்பி ஒரு பந்தைப் பறித்ததும் கைதட்டினார். பிறகு அவர் பார்வை கோர்ட்டின் மறுபாதிக்குப் போனது. அங்கே, எந்தப் போட்டிக்கும் போகாத எங்கள் கல்லூரி ஆண்கள் டீம் தானாகவே ஆடிக்கொண்டிருந்தது. அவர் பார்வை பிறகு இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"மிஸ், இவங்க எல்லாரும் நல்ல உயரமா இருக்கிறாங்களே! இவங்களுக்கு ஆர் கோச்?"

"அவரும் போயிட்டார்ம்மா. ஆள் தேடுறாங்க."

"அந்தக் கறுப்புக் காற்சட்டை போட்ட தம்பி எந்த ஊர்?"

"தெரியாதம்மா. நான் அவங்கட கோச் இல்லையே."

அவர் சீலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். அதிபரின் அறை எது என்று கேட்டார். காட்டினேன்.

அந்த டீமுக்கும் இப்போது நான்தான் கோச்.