கிணற்றுக்குள் தொடங்கிய உத்தியோகம்

எங்கள் வீட்டில் உத்தியோகம் என்றால் மேசை, கதிரை, தலைக்கு மேலே ஒரு மின்விசிறி. உடுப்பிட்டியில் வெங்காயமும் மிளகாயும் போட்டு என்னைப் படிப்பித்த ஐயாவுக்கு, நான் ஏதாவது ஒரு கந்தோரில் போய்க் குந்தவேண்டும் என்பதுதான் ஆசை. நான் போய்க் குந்தியது திருகோணமலையில் ஒரு ஹோட்டலின் கடற்கரையில். அங்கே வெள்ளைக்காரர்களுக்கு முதுகில் சிலிண்டர் கட்டிச் சுழியோடப் பழக்கினார்கள். சிலிண்டர் கழுவப் போன நான், கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குகிறவருக்குக் கையாளாகி, கடைசியில் நானே ஆட்களைக் கடலடிக்குக் கூட்டிப்போகிற அளவுக்கு வந்துவிட்டேன். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தோடு வெள்ளைக்காரர்கள் வருவது நின்றது. ஹோட்டல் பூட்டுப்பட, பெட்டியோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

ஐயா என் பெட்டியைப் பார்த்தார். ஏசியிருந்தாலாவது நானும் திருப்பி ஏசியிருப்பேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போக, எனக்குப் பற்றி எரிந்தது.

அடுத்த வருடம், குருநகரில் ஒரு சம்மாட்டி அந்த ஹோட்டல்காரர் விற்ற சிலிண்டர்களையும் காற்று நிரப்பும் இயந்திரத்தையும் வாங்கி வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். சொந்தமாகப் படகுகள் வைத்து ஆட்களை இறக்கிக் கடல் அட்டை எடுப்பிப்பவர் அவர். மூச்சடக்கி இறங்குகிற தன் ஆட்கள் சிலிண்டரோடு இறங்கினால் அடியிலேயே நின்று அள்ளலாம் என்பது அவருடைய கணக்கு. சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே அவரிடம் போனேன்.

“தம்பி, உமக்கு உந்த ஒக்சிசன் பூட்டத் தெரியுமோ?”

“அது ஒக்சிசன் இல்லை. வெறுங் காத்து.”

“வெறுங் காத்துக்கோ நான் காசைக் கொட்டினனான்!” என்று மனிதர் தலையில் கைவைத்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். “சரி, ஒராளைப் பழக்கிக் காட்டும். ஆளுக்கு ஒண்டும் நடக்கக்கூடாது. நடந்துதெண்டால் சாமானை வித்துப்போட்டு நான் என்ரை பாட்டைப் பாப்பன்.”

யாழ்ப்பாணத்தில் வேறு யாரிடமும் அந்தச் சாமான் இல்லை. அவர் விற்றால் என் உத்தியோகமும் அதோடு போச்சு.

அவர் காட்டிய ஆளுக்கு நாற்பது வயது இருக்கும். கழுத்தில் சிலுவை, கடப்பாரை போல ஒரு முதுகு. மூச்சடக்குவதில் குருநகரில் அவரை வெல்ல ஆளில்லை. என் தோளில் தட்டி, “நீர் எனக்குப் பழக்கப் போறீரோ தம்பி?” என்று சிரித்தார். அவரோடு நின்ற சுழியோடிகள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது வரைக்கும் சூடேறியது.

முதற் பாடத்தைக் கடலில் வைக்க எனக்கு மனமில்லை. நேவிக்காரரின் கரைச்சல் ஒரு பக்கம், கலங்கல் தண்ணீர் இன்னொரு பக்கம். அதோடு, வாய்க்குக் காற்றுக் கொண்டுவரும் குழாய்களில் உருப்படியானது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பழகுகிறவர் தனியே இறங்க, நான் மேலே நின்றுதான் பார்க்கவேண்டும். இன்றைக்கு யாராவது அப்படிப் பழக்கினால் நானே கன்னத்தில் அறைவேன். அச்சுவேலியில் மாமாவின் புகையிலைத் தோட்டத்துக் கிணறு நல்ல ஆழம், அடிவரைக்கும் தெளிவு. அங்கே கூட்டிப்போனேன். ஊர்ச் சனம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “என்ன, வாளி விழுந்திட்டுதோ?” என்று கேட்டது.

இறங்குவதற்கு முன் அவருக்குப் படித்துப் படித்துச் சொன்னேன். அடியில் சிலிண்டரிலிருந்து இழுத்த காற்று, மேலே வர வர நெஞ்சுக்குள் விரியும். வரும்போது மூச்சை விட்டுக்கொண்டே வரவேண்டும். அடக்கினால் சுவாசப்பை கிழிந்துபோகும்.

“மூச்சை விடுறவன் சுழியோடியோ தம்பி?” என்றார்.

கிணற்றின் அடியில் மாப்பிள்ளை மாதிரி வசதியாக இருந்தார். பிறகு காலை உதைத்து, கன்னம் இரண்டும் உப்ப, ஒரு குமிழிகூட விடாமல் ஒரே வீச்சில் மேலே வந்தார். சிறுவயதிலிருந்து உடம்பில் ஊறிய பழக்கம். படியேறி வந்து இருமினார். சீமெந்தில் துப்பியது இரத்தம்.

பயத்தில் எனக்கு வாய்க்கு வந்தபடி ஏச்சு வந்தது. “உங்களுக்கு மண்டைக்கை என்ன களிமண்ணோ?” என்று கத்தினேன். அவர் திருப்பிக் கத்த முயன்று இன்னும் இருமினார். ஆஸ்பத்திரியில் டொக்டர், தப்பியது பெரிய காரியம் என்று சொல்லி, சுகமாகும்வரை தொழிலுக்குப் போகக்கூடாது என்று மறித்துவிட்டார். சம்மாட்டி என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “மாதா காப்பாத்திப்போட்டா. ஆள் சுகப்பட்ட பிறகு இன்னும் ஒருக்காத்தான் பாப்பன்.”

சில கிழமைக்குப் பிறகு அந்தச் சுழியோடியைப் பார்க்கக் குருநகருக்குப் போனேன். கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். டொக்டர் இழுக்க விடாதபடியால் அவர் மணலில் குந்தியிருந்து, இழுக்கிறவர்களுக்கு அம்பாப் பாட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் ஓரடி பாட, வடம் பிடித்தவர்கள் மறு அடியைச் சேர்ந்து பாடினார்கள். அந்தக் குரல் எப்படி இழுபட்டு இழுபட்டுப் போனது! நெஞ்சிலிருந்த மூச்சு முழுவதும், யாரும் சொல்லாமலே, பாட்டோடு வெளியே போய்க்கொண்டிருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு ஒருவராலும் பாட முடியாதே! எனக்கு மயிர் கூச்செறிந்தது.

“அண்ணை, மேலை வரேக்கை அம்பா பாடுவீங்களோ?”

“தண்ணிக்குள்ளையோ?”

“ஓம்.”

“உமக்கு விசர்.”

“ஓம், விசர்தான். பாடுவீங்களோ, மாட்டீங்களோ?”

டொக்டர் விட்டதும் திரும்பக் கிணற்றடிக்கு வந்தார். வாயில் குழாயின் ரப்பரைக் கடித்துக்கொண்டு சொல் எதுவும் வராது; ‘ஊ’ என்று ராகம் மட்டும் வரும். அது போதும். கிணறு கொதிக்கிற பானை மாதிரிக் குமிழி விட்டது. வேலிக்கு அப்பால் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நாங்களும் சிரித்தோம். எத்தனையோ தரம் இறங்கினார். ஒவ்வொரு தரமும் பாடிக்கொண்டுதான் வந்தார்.

பிறகு ஒரு காலை, தீவுப் பக்கத்துக் கடல். படகில் சம்மாட்டியும் மற்றச் சுழியோடிகளும் இருந்தார்கள். கிணற்றைவிட இரண்டு மடங்கு ஆழம். அவர் இறங்கினார். குமிழிகள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன.

திடீரென்று நின்றுவிட்டன.

குழாய் அடைத்துவிட்டது என்று எனக்கு விளங்கியது. காற்றில்லாதவன் என்ன செய்வான்? உள்ளதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேலே பாய்வான். இவர் பிறந்ததிலிருந்து செய்தது அதுதான். சம்மாட்டி என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. நான் முகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாயப்போனேன்.

அப்போது ஒரு குமிழி வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு நூல் பிடித்தமாதிரி, அறாமல், அவசரமில்லாமல் வந்துகொண்டே இருந்தன. தண்ணீர் பிளந்தது. வாயில் ரப்பர் இல்லை. முழுத் தொண்டையில் அம்பா. படகைப் பிடித்த பிறகும் அவர் பாட்டை நிறுத்தவில்லை. மற்றவர்கள் தங்களையறியாமலே அடுத்த அடியைப் பாடினார்கள். நான் அழுதேன். சந்தோசத்தில் குழறி அழுதேன், வெட்கமே இல்லை.

படகில் ஏறியதும், துப்பிப் பார்த்தார். வெறும் எச்சில். பையில் அட்டை நிறைந்திருந்தது. குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்துவிட்டு, “அடியிலை அட்டை இன்னும் கிடக்கு. உந்தக் குழாயைத் துப்பரவாக்கித் தாரும், இன்னொருக்கா இறங்கிறன்,” என்றார்.

“இல்லை. இண்டைக்கு இவ்வளவு காணும். இருங்கோ,” என்றேன்.

எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவர் கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிலிண்டர் வாரை அவிழ்த்தார்.

“சரி, மாஸ்டர்,” என்று சொல்லிவிட்டுப் படகுப் பலகையில் இருந்தார்.