விகிதம் தவறாத மாமா

என் அக்காவின் கணவர் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். மாமாவின் காதுக்கு எல்லாப் பாட்டும் ஒன்றுதான். ஆனால் "பாட்டு டீச்சர் நின்னுட்டாங்க. அதையும் சேர்த்துப் பாத்துக்குற ஆளுக்குத்தான் நிரந்தர வேலை" என்று தாளாளர் சொன்னபோது, பல வருடமாகத் தற்காலிகமாகவே காலம் தள்ளிய மாமா கொஞ்சமும் கூச்சப்படாமல் கை தூக்கினார்.

மறுநாளே வீட்டுக் கூடத்தில் ஒரு நீளப் பெட்டி வந்து படுத்துக்கொண்டது. மேலே ஒரே ஒரு கம்பி, ஓரத்தில் அதை முறுக்கும் ஆணி, கம்பிக்கு அடியில் நகர்த்துவதற்கு ஒரு கட்டை, பக்கவாட்டில் அளவுகோல். கட்டையைப் பாதியில் வைத்தால் அதே சுரம் மேலே போய் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்கில் வைத்தால் 'ச' என்பது 'ப' ஆகிவிடும்.

"சங்கீதம்னா இவ்வளவுதான் மாப்ள. மீதியெல்லாம் தொண்டையச் செருமுறது."

நான் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. அளவுகோல் ஒட்டிய பொருளை மதிக்காமல் இருக்க முடியுமா? தலையாட்டினேன்.

அடுப்படியிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "ஏங்க, அந்த ஆணி நிக்கவே மாட்டேங்குது. கம்பி தொங்கித் தொங்கிச் சத்தம் இறங்குது பாருங்க."

"இறங்கட்டுமே. விகிதம் இறங்குச்சா?"

இறங்கவில்லைதான். தளர்ந்த கம்பியிலும் பாதி பாதிதான். இந்த மாபெரும் உண்மையோடு மாமா ஆண்டு விழா மேடை ஏறினார்.

கம்பியைக் கேட்டுத்தான் பாட வேண்டும் என்று பிள்ளைகளுக்கு உத்தரவு. முதல் வரி நன்றாகவே வந்தது, பொய் சொல்லக் கூடாது. பிறகு ஆணி நழுவியது. சுரம் இறங்க இறங்க, ஒழுக்கமான பிள்ளைகள், கூடவே இறங்கினார்கள். நடுப்பாட்டில் கிணற்றுக்குள்ளிருந்து பாடினார்கள். கடைசி வரியில் வாய் மட்டும் அசைந்தது. மாமாவோ அளவுகோலைப் பார்த்துப் பூரித்து நின்றார். ஒரு நூலளவு பிசகில்லை!

அக்கா என் கையைக் கிள்ளினாள். "வேலை போச்சுடா தம்பி."

போகவில்லை. கணக்குக்கு வேறு ஆள் கிடைக்காத தாளாளர், மறுநாள் தன் அறைக்குக் கூப்பிட்டு நிரந்தர ஆணையை நீட்டினார். ஒரே நிபந்தனை: அந்தப் பெட்டி பள்ளி வாசலை மிதிக்கக் கூடாது.

மாமா பேனாவைத் தொடவில்லை. "அறிவியலையே அவமானப்படுத்துறீங்க சார்."

என்னோடு அறை வாசலில் நின்றிருந்த அக்கா விறுவிறுவென்று உள்ளே போனாள். "பெட்டிகூடக் குடும்பம் நடத்தப்போறீங்களா, எங்ககூடவா? இப்பவே சொல்லிடுங்க."

மாமா கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு, "அப்ப பிள்ளைங்களுக்குப் பாட்டு யாரு சொல்லிக்குடுப்பா?" என்றார்.

"இப்போதைக்கு யாரும் வேணாம் சார்" என்றார் தாளாளர். "முதல்ல அதுங்க தொண்டை மேல ஏறி வரட்டும்."