எங்கள் ஊர் வளைவில் காற்றாலை இறக்கை

எங்கள் ஊரில் தேர் வருஷத்துக்கு ஒருமுறைதான் ஓடும். எனக்குப் பத்து வயதான அந்த வருஷம் இரண்டு முறை ஓடியது என்றே சொல்வேன். இரண்டாவது தேரில் சாமி இல்லை. காற்றாலையின் இறக்கை ஒன்று படுத்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், சாமி வந்த அன்றுகூட நாங்கள் அப்படிக் கத்தியதில்லை.

ரெட்டியார்சத்திரம் தாண்டிப் பழனி போகிற ரோட்டில், ஒரு முரட்டு வளைவில் இருக்கிறது எங்கள் ஊர். ரோட்டை அப்போது அகலப்படுத்தியிருக்கவில்லை. மின்வெட்டு ஆளைப் பாடாய்ப் படுத்திய காலம் அது. ஃபேன் நின்றால் தூக்கம் போச்சு, மோட்டார் நின்றால் தக்காளி போச்சு. பழனிப் பக்கம் காற்றாலை நடுகிறார்களாம், அது சுற்ற ஆரம்பித்துவிட்டால் கரண்ட் போகவே போகாதாம் என்று டீக்கடையில் ஒரே பேச்சு. புகை இல்லை, கரி இல்லை, யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை என்று எங்கள் டீச்சரும் சொல்லியிருந்தார். அதை நான் வீட்டில் ஒப்பித்து, அப்பாவிடம் ஒரு கடலை மிட்டாய்கூட வாங்கிவிட்டேன்.

வளைவின் உள்பக்கத்தில் ஒரு புளியமரம் நின்றது. அதன் நிழலில் பெரியம்மா இளநீர்க் கடை போட்டிருந்தார். மரம் முழுக்கக் கொக்குகள் அடையும். இளநீர்க் குவியலிலும் எச்சம், பெரியம்மா தலையிலும் எச்சம். "நாசமாப் போறதுகளா, வேற எடமே கெடைக்கலையா ஒங்களுக்கு?" என்று அண்ணாந்து ஏசுவது அவருடைய சாயங்காலப் பூஜை. ஆனால் குஞ்சு ஏதாவது கீழே விழுந்துவிட்டால் அதே வாயால் எங்களை அதட்டி, மரத்தில் ஏற்றி, கூட்டில் வைக்கச் சொல்வார்.

இறக்கை ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. முதலில் சிவப்புக் கொடி கட்டிய ஜீப். பின்னால் லாரி. அதன் பின்னால் வெள்ளை வெளேரென்று இறக்கை வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. யாத்தே, எம்புட்டு நீளம்! லாரியின் தலை வளைவுக்கு வந்துவிட்டது, வால் இன்னும் மாரியம்மன் கோயிலைத் தாண்டவில்லை. அப்படியே நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் புளியமரத்தின் தாழ்ந்த கொப்பு இறக்கையில் உரசும்.

செத்த நேரத்தில் ஊரே கூடிவிட்டது. பணியாரக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அத்தை ஒருத்தி இறக்கைக்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடமும் காட்டிவிட்டார். கூட வந்த சூப்பர்வைசர் பதறிப்போய்த் துணியோடு ஓடிவந்தார். நான் இறக்கையில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். வெயிலில் சுட்டது. பறக்கப் போகிற ஒன்றை நான் தொட்டுவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு காற்றாலைக்கு மூன்று இறக்கை, மிச்சம் இரண்டும் நாளைக்கு வருகின்றன என்று சூப்பர்வைசர் சொன்னதும் நாங்கள் குதித்த குதியில் பணியார வண்டி ஆடியது.

அந்த ஒரு கொப்பை மட்டும் கழித்தால் போதும் என்றார் அவர். பெரியம்மா இளநீர் வெட்டும் அரிவாளோடு மரத்தடியில் போய் நின்றுகொண்டார்.

"அந்தக் கொப்புலதான்யா கூடு பூராவும் இருக்கு. மொதல்ல என்னைய வெட்டு, பெறகு அத வெட்டு."

அப்போதுதான் மாமா வந்தார். அம்மாவுக்கு அண்ணன், பெரியம்மாவுக்குத் தம்பி; எங்கள் ஊர்த் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர். தேருக்கு ஸ்டீயரிங் கிடையாதே! ஓடுகிற சக்கரத்தின் அடியில், இம்மி பிசகாமல் கட்டையைச் செருகித்தான் அதைத் திருப்ப வேண்டும். அந்த ஒரு நாளுக்காக மாமா வருஷம் முழுக்க மீசையை முறுக்கிக்கொண்டு திரிவார்.

"அம்புட்டுப் பெரிய தேரையே மேல வீதி முக்குல திருப்புறவன் நான். இது என்ன, சுண்டைக்கா! ஒரு எல உதிராமத் திருப்பித் தாரேன்க்கா. நீ போயி எளநிய வெட்டு."

லாரிக்கு ஸ்டீயரிங் இருக்கிறது, பின் சக்கரத்துக்குத் தனியாக வேறு இருக்கிறது என்று சூப்பர்வைசர் தொண்டை வறளச் சொன்னார். யார் கேட்டது? கோயிலிலிருந்து முட்டுக்கட்டைகள் வந்துவிட்டன. எல்லாம் புளியமரத்துக் கட்டைகள்; தேர்ச் சக்கரத்துக்கு அதுதான் தாங்கும்.

முதல் கட்டை டயரில் நசுங்கித் தெறித்துப் பணியார மாவில் விழுந்தது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். மாமா முண்டாசை இறுக்கிக்கொண்டு இருப்பதிலேயே பெரிய கட்டையை எடுத்தார். லாரி உறுமியது. "அரோகரா!" என்று ஊரே கத்தியது. டயர் கட்டையில் ஏறி, வழுக்கி, பக்கவாட்டில் மண்ணில் இறங்கியது. ஒரே ஒரு குலுங்கல். இறக்கை போய் மரத்தின் அடித்தண்டில் அப்பிக்கொண்டு நின்றது.

 இனி லாரி முன்னால் போனாலும் இறக்கை உடையும், பின்னால் வந்தாலும் உடையும். சூப்பர்வைசர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டு, பிறகு யார் யாருக்கோ போன் போட்டார். கொப்பு போதாது, மரத்தையே எடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. மத்தியானம் மெஷின் ரம்பம் வந்தது.

மாமா முண்டாசை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். பெரியம்மா அவரை ஒரு வார்த்தை ஏசவில்லை. அரிவாளைச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டு, "அந்தக் கொப்ப நான் குடுத்திருக்கணும்ப்பா" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு அதெல்லாம் காதில் ஏறவே இல்லை. ஏனென்றால் மரம் இறக்கையின் மேல் விழாமல் எதிர்ப்பக்கம் சாய்ப்பதற்காகத் தேர்வடத்தைக் கொண்டுவந்து கட்டிவிட்டார்கள்! மிதிபட்டுவிடுவோம் என்று, தேரன்று எங்களை வடத்தின் பக்கமே விட மாட்டார்கள். அன்று யாரும் விரட்டவில்லை. நான் வடத்தைப் பிடித்தேன். ரம்பம் வீறிட்டது. "இழு, இழு!" என்ற சத்தத்தோடு நானும் இழுத்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். மரம் முறிந்து விழுந்தபோது தரை அதிர்ந்தது. என் உள்ளங்கால் வரை அதிர்ந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்குமுன் நான் அனுபவித்ததே இல்லை. புளியங்காய் பொறுக்க ஓடினோம். பெரியம்மா கொப்புகளை விலக்கி, குஞ்சுகளைத் தேடித் தேடிக் கூடையில் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

இறக்கை வளைவைத் தாண்டிப் போயிற்று. அதன் வால் கண்ணில் மறையும்வரை கூடவே ஓடிவிட்டுத் திரும்பி வந்தோம். பொழுது சாய்ந்திருந்தது. ஆத்தூர் அணைப் பக்கம் மேயப் போன கொக்குகள் வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தன. வளைவுக்கு மேலே வந்ததும் வரிசை கலைந்தது. கீழே இறங்கின, மேலே ஏறின, சுற்றின, மறுபடியும் சுற்றின. அத்தனை கொக்குகளை ஒன்றாக வானத்தில் நான் பார்த்ததில்லை.

பெரியம்மா கூடையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அன்று அவற்றை ஏசவில்லை. பாவம், இதுகளும் இறக்கையைப் பார்க்கத்தான் வந்திருக்கின்றன, தாமதமாகிவிட்டது என்று நினைத்தேன். வெட்டிய அடிமரத்தின் மேல் ஏறி நின்று, இரண்டு கையையும் ஆட்டி, தொண்டை கிழியக் கத்தினேன்:

"அது போயிருச்சு! இன்னும் ரெண்டு வருதாம், நாளைக்கு வாங்க!"