பள்ளத்து மூடிமேல் பனிக்காரி

தொழிற்சாலையில் அவளுக்குப் பனிக்காரி என்றே பெயர். வெல்டிங்குக்கான திரவ ஆர்கான் தொட்டி பதினாறு வருடங்களாக அவள் பொறுப்பு. கொளுத்தும் வெயிலிலும் அதன் குழாய்களில் வெள்ளை வெளேரென்று பனி படிந்திருக்கும்.

அன்று காலை தொட்டியடியில் ஒரு வால்வு கசிந்து, பக்கத்திலிருந்த குழாய்ப் பள்ளத்துக்குள் திரவம் ஓடிவிட்டது. பள்ளமெங்கும் வெண்புகை. அவள் வால்வை அடைத்தாள். ஒரு மணி நேரத்தில் புகை கலைந்தது.

"புகையும் போச்சு, கேஸும் போச்சு. இறங்குப்பா" என்றார் சூப்பர்வைசர். குழாயைச் சரிசெய்ய இறங்க வேண்டிய ஃபிட்டர் வேறு யாருமில்லை, அவளைக் கட்டிக்கொண்டவன்தான்.

அவள் இரும்பு மூடியை இழுத்துப் போட்டு அதன்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"அது புகையில்ல சார். குளிர்ல காத்தோட ஈரம் வெள்ளையா தெரிஞ்சுது. ஆர்கான் கண்ணுக்கே தெரியாது. மைனஸ் நூத்தி எண்பத்தொன்பதுல கட்டி. நூத்தி எண்பத்தாறு வந்தா கொதிச்சு கேஸாயிடும். நடுவுல மூணு டிகிரிதான் தண்ணி மாதிரி இருக்கும். ஒரு லிட்டர் எண்ணூறு லிட்டரா பெருகும். காத்தவிட கனம் வேற. கீழதான் உக்காந்திருக்கு."

"எதோடயும் சேராத சாதும்மா அது. விஷமா என்ன?"

"சாதுதான். ஆனா ஆக்சிஜனைத் தள்ளிவிட்டுட்டு அந்த இடத்துல உக்காந்துக்கும். ரெண்டு மூச்சுல ஆளு சரிஞ்சிடுவான். ஆக்சிஜன் மீட்டர் வெச்சு அளங்க."

மீட்டர் பூட்டிய அலமாரியில் இருந்தது. சாவி வைத்திருந்தவரோ விடுப்பில்.

கணவனுக்கு முகம் சிவந்தது. "எந்திரிடி. எல்லாரும் சிரிக்கறாங்க. வீட்லதான் உன் ராஜ்ஜியம்னா இங்கயுமா?"

"சிரிக்கட்டும். உன் போட்டோ முன்னாடி உக்காந்து அழ எனக்கு நேரமில்ல."

"வேலை போயிடும், தெரியுமில்ல?" என்று கத்தினார் சூப்பர்வைசர்.

"போகட்டும். பூட்ட உடைங்க சார். பூட்டு புதுசா வாங்கலாம். இந்த ஆளை நான் எந்தக் கடையில வாங்குவேன்?"

அவன் தலை குனிந்தான். இருபது வருட இல்லறத்தில் அவனைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை! அதுவும் ஊர் கூடி நிற்கையில்! போய்க் கடப்பாரையை எடுத்துப் பூட்டை உடைத்தான்.

மூடியைச் சற்றே நகர்த்தி மீட்டரைக் கயிற்றில் இறக்கினார்கள். பாதி ஆழம் போவதற்குள் அது அலறத் தொடங்கியது. மேலே இழுத்துப் பார்த்தால், அது பதிந்துவைத்திருந்த ஆக்சிஜன் அளவு ஐந்து சதவீதம். இருக்க வேண்டியது இருபத்தொன்று!

மதியம்வரை ஊதுகாற்று விசிறி ஓடியது. மீட்டர் இருபத்தொன்று காட்டிய பிறகே கணவனை இறங்க விட்டாள்.

மாலையில் மெமோ வந்தது: மேலதிகாரியின் உத்தரவை மீறியதற்கு விளக்கம் தரவும்.

"மன்னிப்புன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துடும்மா" என்றார் கிளார்க்.

அவள் பேனாவை வாங்கி அழுத்தி எழுதினாள். 'மீறினேன். அளக்காமல் ஆளை இறக்கினால் மறுபடியும் மீறுவேன்.'

கையெழுத்திட்டு நிமிர்ந்தாள். கணவன் அந்தப் பேனாவை வாங்கி, அவள் பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதினான்.